பாதி ரோடு, பாதி ரேஸ்: காரை இரண்டுங்கெட்டான் ஆக்காதீர்கள்

“அண்ணாச்சி, வண்டியை டிராக்குக்கு ரெடி பண்ணணும். முதல்ல சைலன்சர் மாத்திருவோமா, இல்ல ரீமேப் போட்ருவோமா?” திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவனிடம் இந்தக் கேள்வி இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறது. போலோ ஜிடி, ஸ்விஃப்ட், பழைய ஹோண்டா சிட்டி, எப்போதாவது ஒரு அபார்த் புன்டோ. வண்டி எதுவானாலும் கேட்கிற வரிசை மாறாது. முதலில் சத்தம், அப்புறம் வேகம் (என்ஜின் கம்ப்யூட்டரின் அளவுகளை மாற்றுகிற ரீமேப்), அப்புறம் உயரத்தைக் குறைப்பது, காசு மிச்சமிருந்தால் பிரேக். இந்த வரிசையே தலைகீழ். அதைவிடப் பெரிய சிக்கல், பாதியை ரோட்டுக்கும் பாதியை டிராக்குக்குமாக மாற்றிவிட்டு அதே வண்டியில் வீட்டுக்காரியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு குற்றாலம் சீசனுக்குப் போவது. அப்படிச் செய்த கார் ரோட்டிலும் ஆபத்து, டிராக்கிலும் ஆபத்து.

டிராக் என்றால் எது என்பதை முதலில் பேசிவிடலாம். நாங்குநேரி டோல்கேட் தாண்டி வள்ளியூர் வரைக்கும் விடிகாலையில் காலியாகக் கிடக்கிற நான்குவழிச்சாலை டிராக் கிடையாது. அங்கே எதிர்த்திசையில் பைக் வரும், ஆடு வரும், லைட் இல்லாத டிராக்டர் நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. நமக்கு நிஜமான டிராக் என்றால் ஒன்று ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை, 1990இல் திறந்தது, 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. இன்னொன்று கோவை செட்டிபாளையத்தில் எஸ். கரிவர்தன் பெயரில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே, ஒரு சுற்று 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். திருநெல்வேலியிலிருந்து முதலாவது 600 கிலோமீட்டர் தூரம், இரண்டாவது 350ஐ ஒட்டி. இந்தத் தூரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கார் அத்தனை தூரம் ரோட்டில் ஓடித்தான் டிராக்குக்குப் போகப்போகிறதா, ரிக்கவரி வண்டியில் ஏறிப் போகப்போகிறதா என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

சரி, பிரேக். ஒரு டன் எடையுள்ள கார் 144 கிலோமீட்டர் வேகத்தில் வந்து வளைவுக்காக 72க்குக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் பாதியானாலும் இயக்க ஆற்றல் கால்வாசியாகிவிடும். மீதி முக்கால்வாசி, ஏறக்குறைய 600 கிலோஜூல், முழுக்கச் சூடாக மாறி பெரும்பாலும் சக்கரத்தோடு சுழல்கிற டிஸ்க்கிலும் அதை அமுக்கிப் பிடிக்கிற பேடிலும் போய் இறங்குகிறது. இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சூடு அது, ஒரே மிதியில். ரோட்டில் இப்படி ஒரு முறை மிதித்தால் அடுத்த மிதிக்குள் டிஸ்க் காற்றில் ஆறிவிடும். டிராக்கில் அடுத்த வளைவு சில நொடிகளில் வந்துவிடுகிறது, அதற்கடுத்ததும் அப்படியே, இருபது நிமிடம் தொடர்ந்து.

இதில் முதலில் கைவிடுவது பேட் கூட இல்லை, பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்கிற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு விதி கேட்பது 155தான். டாட் 3 இன்னும் கீழே, 205, 140. பேடை டிஸ்க்கில் அமுக்குகிற காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவியை அமுக்கினால் அது சுருங்கும், பெடல் பஞ்சு மாதிரித் தரை வரை போகும், கார் நிற்காது. டிராக்குக்குப் போய் வந்த ஒரு ஹேட்ச்பேக்கில் முன் காலிப்பரில் ஆயிலை வெளியே விடுகிற பிளீடர் நட்டைத் தளர்த்தி, அதில் மாட்டிய தெளிவான டியூப்பைப் பாட்டிலில் விட்டுப் பையனைப் பெடல் மிதிக்கச் சொன்னோம். முதல் இரண்டு மிதிக்கு வந்தது கரும்பழுப்பு. அதற்குப் பிறகு டியூப் முழுக்கக் கடுகளவு குமிழிகள் வரிசையாக ஏறி வந்தன. நாலைந்து மிதிக்குப் பின்தான் ஆயில் தெளிந்தது. அந்த வண்டியின் சொந்தக்காரர் ரீமேப்புக்குக் கொடுத்த காசில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது நல்ல ஆயில் வாங்கி நாலு சக்கரத்திலும் புதிதாக ஏற்றுவதற்கு. டிராக் நாளுக்கு முந்தைய வாரம் புது ஆயில், ரப்பர் பிரேக் ஹோஸில் வெடிப்பு இருந்தால் புது ஹோஸ், முன் பேடில் கனம் பாதிக்கு மேல் மிச்சம். இவ்வளவும் முடிந்த பிறகு வேகத்தைப் பற்றிப் பேசலாம்.

பேட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ரேஸுக்கென்றே வருகிற பேட் சூடானால்தான் பிடிக்கும். காலையில் வீட்டிலிருந்து எடுத்து ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசலில் யாரோ குறுக்கே ஓடும்போது மிதித்தால், ஷோரூம் பேடைவிட மோசமாக நிற்கும். விலை அதிகம் என்பதால் எல்லா இடத்திலும் நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள். ரோட்டுக்கும் எப்போதாவது டிராக்குக்கும் சேர்த்துச் செய்த நடுத்தர பேட்கள் உண்டு, ஓட்டிக்கொண்டே போய் வருபவருக்கு அதுதான் சரி.

இனி ரோல் கேஜ், அதாவது கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்க உள்ளே அடிக்கிற இரும்புக் குழாய்க் கூண்டு. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாகவே எரிச்சல். நம் ஊரில் கேட் அடிக்கிற பட்டறையிலேயே கேஜும் அடித்துத் தருகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், சிவப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள். கையில் ஒரு டார்ச் எடுத்துக் குழாயின் திறந்த முனைக்குள் பாருங்கள். உள்ளே நீளவாக்கில் ஒரு கோடு ஓடினால் அது தகட்டைச் சுருட்டி ஒட்டிய குழாய். சர்வதேச விதி கேட்பது ஒட்டில்லாமல் இழுத்த எஃகுக் குழாய். டிரைவருக்குப் பின்னால் வருகிற பிரதான வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம், இல்லையென்றால் 50க்கு 2. வளைத்த இடத்தில் உள்பக்கம் சுருக்கம் விழுந்திருந்தால் அடி விழும்போது அந்தக் குழாய் அங்கேதான் மடங்கும். தண்ணீர் லைனுக்குப் போடுகிற ஜிஐ குழாயில் அடித்த கேஜும் பார்த்திருக்கிறேன். துத்தநாகப் பூச்சின் மேல் வெல்டிங் வைத்தால் ஒட்டுக்குள் பொடிப்பொடித் துளை விழும், வைப்பவர் நெஞ்சுக்குள் அந்தப் புகையும் போகும். கேஜின் பாதம் நிற்கிற இடம் இன்னொரு கூத்து. காரின் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனத்தைச் சுற்றித்தான் இருக்கும். அதன் மேல் குழாயை நேராக வைத்து நாலு புள்ளி வெல்டிங் அடித்தால், கார் உருளும்போது குழாய் தரையைக் குத்திக்கொண்டு கீழே போகும், கூரை உங்கள் தலைக்கு வரும். குறைந்தது 3 மில்லிமீட்டர் கனத்தில் 120 சதுர சென்டிமீட்டர் தகடு வைத்து அதன் மேல்தான் பாதம் உட்கார வேண்டும்.

இதெல்லாம் சரியாகவே செய்தாலும், கேஜ் போட்ட காரை ஹெல்மெட் இல்லாமல் ரோட்டில் ஓட்டாதீர்கள். ஷோரூம் காரில் பக்கவாட்டில் இடித்தால் தலைக்கு அருகே இருப்பது திரை ஏர்பேகோ, துணி போர்த்திய தகடோ. கேஜ் காரில் இரும்புக் குழாய், கையெட்டும் தூரத்தில். தச்சநல்லூர் ரவுண்டானாவில் பின்னால் ஒரு பஸ் லேசாக முட்டினாலே போதும். பின் சீட்டில் பிள்ளைகள் என்றால் நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

பெல்ட்டும் இதே கதைதான். நாலு முனையில் கட்டுகிற ஹார்னஸ் என்ற ரேஸ் பெல்ட்டை வாங்கி, சாய்கிற சாதாரண சீட்டில், பின் சீட் பெல்ட் போல்ட்டில் கட்டிவிடுகிறார்கள். தோள் பட்டை பின்னோக்கிச் செங்குத்தாகக் கீழே இறங்கினால் மோதலில் அது முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும். கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது, முடிந்தால் 10 டிகிரியை ஒட்டி. தொடைக்கு நடுவே வருகிற பட்டை இல்லாவிட்டால் உடம்பு இடுப்புப் பட்டைக்கு அடியில் வழுக்கிப் போய் வயிற்றில் வெட்டும். உடம்பு இறுகிக் கட்டியிருக்கும்போது தலை மட்டும் முன்னால் பாய்வது இன்னொரு ஆபத்து. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் டேடோனா டிராக்கில் ரேஸ் டிரைவர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்துதான். அந்த ஆண்டு அக்டோபரிலேயே அந்தப் பந்தயத்தை நடத்துகிற நாஸ்கார் அமைப்பு தலை-கழுத்துத் தாங்கியைக் கட்டாயமாக்கியது. ஹார்னஸ் கட்டினால் அந்தத் தாங்கியும், அது மாட்டுகிற கார் ரேஸ் ஹெல்மெட்டும் சேர்ந்தே வர வேண்டும். பைக் ஹெல்மெட்டின் உள்துணி தீயைத் தாங்குவதற்காகச் செய்ததில்லை. இவற்றில் ஒன்று இல்லை என்றால் கம்பெனி கொடுத்த மூன்று முனை பெல்ட்டும் ஏர்பேகும் ஆயிரம் மடங்கு மேல், தொடாமல் விடுங்கள். உடம்பைச் சுற்றிப் பிடிக்கிற பக்கெட் சீட் மாட்டுவதற்காக ஷோரூம் சீட்டைக் கழற்றும்போது சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் வயர். பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் பொறுத்த பிறகு கை வையுங்கள்.

டயர், என்ஜின் இரண்டையும் தனித்தனியாக நினைப்பது பொதுவான பழக்கம். நல்ல ஒட்டுகிற டயர் போட்டால் வளைவில் வேகம் கூடும், வேகம் கூடினால் என்ஜினுக்கு அடியில் ஆயில் சேம்பரில் இருக்கிற ஆயில் ஒரு பக்கமாக ஏறும். பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமானால் ஆயில் மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். நீளமான வளைவில் உறிஞ்சுகுழாய் சில நொடி காற்றைக் குடிக்கும், பேரிங் உலரும், ஊருக்கு வரும் வழியில் கடகடவென்று சத்தம். டயர்க் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். ஆயிலை டிப்ஸ்டிக்கின் மேல்கோடு வரை வைப்பது குறைந்தபட்சம். சேம்பருக்குள் தடுப்புத் தகடு வைக்க முடிந்தால் நல்லது. காயில் ஸ்பிரிங்கைக் கட்டரில் அறுத்து உயரத்தைக் குறைப்பதைப் பற்றி ஒரு வரி போதும்: செய்யாதீர்கள். சக்கரம் தொங்கும்போது அறுத்த ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவும்.

எடை குறைக்க ஏசியைக் கழற்றலாமா என்று கேட்பவர்கள் மே மாதம் மதியம் ஈரடுக்குப் பாலத்துப் பக்கம் டிராஃபிக்கில் ஒரு தரம் நின்றுவிட்டு வந்து கேட்கட்டும்.

சட்டமும் இன்சூரன்ஸும் எங்கே இடிக்கும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆர்.சி.யில் இருக்கிற, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற இடத்தைப் படியுங்கள். ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை இரண்டுக்கும் பாலிசி செல்லாது என்று அச்சிட்டே இருக்கும். டிராக்கில் சுவரில் தேய்த்தால் செலவு முழுக்க உங்கள் பை. ரோட்டில் விபத்து என்றாலும் சர்வேயர் வந்து கேஜையும் ஹார்னஸையும் போட்டோ எடுத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குவார்.

ஆக, என்னிடம் வருபவர்களிடம் நான் ஒன்றைத்தான் கேட்பேன்: வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரணுமா? வரணும் என்றால் ஷோரூம் பெல்ட், ஷோரூம் சீட், ஷோரூம் ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் அப்படியே இருக்கட்டும். பிரேக் ஆயில், நடுத்தர பேட், நல்ல டயர், அலைன்மென்ட், புது என்ஜின் ஆயில், ஹெல்மெட், அவ்வளவுதான். மீதிக் காசை டிராக்கில் சொல்லித் தருகிற பயிற்சிக்குக் கொடுங்கள். பந்தயத்தில்தான் இறங்கப் போகிறேன் என்றால் வேறு கதை. நாட்டின் மோட்டார் பந்தய அமைப்பான எஃப்எம்எஸ்சிஐயிடம் உரிமம் எடுக்க வேண்டும், எந்தப் பிரிவில் ஓட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்து அந்தப் பிரிவின் விதிப்புத்தகத்தைப் படித்த பிறகுதான் முதல் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும். விதிக்கு ஒத்துவராத ஒரு பாகம் மாட்டினால் ஆய்விலேயே வெளியே நிறுத்திவிடுவார்கள். ஹார்னஸுக்கும் சீட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு, பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று லேபிளைப் பார்க்காமல் வாங்கியவர்களும் உண்டு. பந்தயத்துக்கு மாற்றிய வண்டி அதற்குப் பிறகு ரிக்கவரி வண்டியில்தான் பயணம் செய்யும். தினசரி ஓட்ட இன்னொன்று வேண்டும். அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றால் முதல் வழியே போதும், அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

டிராக்கில் இறங்கும் முன் வண்டியிலிருந்து ஜாக்கி, ஸ்டெப்னி, தண்ணீர் பாட்டில், டேஷ்போர்டுப் பிள்ளையார் உட்பட எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள், அவசரமாக மிதிக்கும்போது பெடலுக்கு அடியில் பாட்டில் உருண்டால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் செஷன் முடிந்து சக்கரம் ஆறியதும் வீல் நட் எல்லாவற்றையும் இறுக்கத்தை அளக்கிற டார்க் ரென்ச்சில் சரிபாருங்கள். டயரில் காற்றழுத்தம் சூட்டில் கூடியிருக்கும், அளந்து குறைக்க வேண்டும். ஊருக்குக் கிளம்பும் முன் அதை மறுபடி ரோட்டு அளவுக்கு ஏற்ற மறக்காதீர்கள், குறைந்த காற்றில் 600 கிலோமீட்டர் ஓட்டினால் டயர் வழியிலேயே கிழியும். கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி டிஸ்க்கை ஆறவிட்டு உள்ளே வாருங்கள். வந்து நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள், சூட்டில் டிரம்மோ டிஸ்க்கோ கோணிப்போகும். கியரில் போட்டுவிட்டு சக்கரத்துக்கு ஒரு கட்டை வைத்தால் போதும்.