பழைய பல்சர் கடிகாரத்துக்கு விலை சொல்வது எப்படி?

1972 ஏப்ரலில் அமெரிக்காவின் ஹாமில்டன் நிறுவனம் 'பல்சர்' என்ற பெயரில் (மோட்டார் சைக்கிள் அல்ல, கைக்கடிகாரம்) ஒரு புதுமையை 2,100 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றைக்கு அங்கே ஒரு சிறிய காரின் விலை ஏறத்தாழ அவ்வளவுதான். முள் இல்லாமல், சிவப்பு எண்களால் நேரம் காட்டி விற்பனைக்கு வந்த முதல் மின்னணுக் கைக்கடிகாரம் அது. பி1 எனப்படும் இந்த முதல் வகையில், 18 காரட் தங்கக் கூட்டுடன் சுமார் 400 மட்டுமே செய்யப்பட்டன.

இன்று அப்படி ஒன்று கைக்கு வந்தால், முதலில் தராசில் வைக்க வேண்டும். 18 காரட் என்றால் எடையில் நான்கில் மூன்று பங்கு தங்கம். உள்ளிருக்கும் மின்சுற்றை நீக்கிவிட்டுக் கூடும் பட்டையும் 80 கிராம் நிற்பதாக வைத்துக்கொண்டால், அதில் 60 கிராம் சொக்கத் தங்கம் உண்டு. அந்தத் தங்கத்தின் இன்றைய மதிப்புக்குக் கீழே விலை இறங்காது. அதற்கு மேல் எவ்வளவு ஏறும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் சுற்றுதான்.

அந்தச் சுற்றில் ஒரு குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். அதை எண்ணித்தான் நேரம் காட்டப்படுகிறது. எல்.இ.டி. விளக்குகள் மின்சாரத்தைக் குடித்துவிடும் என்பதால், பொத்தானை அழுத்தினால் மட்டும் எண்கள் சற்று நேரம் ஒளிரும்படி அமைத்தார்கள். தொடக்கத்தில் பல சில்லுகளை ('சிப்') இணைத்துச் செய்த பி1 சுற்றுகள் அடிக்கடி பழுதாகவே, பின்னாளில் வந்த ஒற்றைச் சில்லுச் சுற்றுகளை அதே கூட்டுக்குள் பொருத்திக் கொடுத்தார்கள். ஆகவே இன்று நன்றாக ஓடும் பி1 ஒன்றின் உள்ளே பிறந்தபோதிருந்த சுற்றே இருக்கிறது என்று சொல்ல முடியாது. பின்மூடியைத் திறந்து பார்க்காமல் விலை பேசுவது, என் கணிப்பில், வீண் வேலை.

இயந்திரக் கடிகாரத்தில் பல்சக்கரம் உடைந்தால் கைதேர்ந்த ஒருவர் புதிதாகச் செய்து தந்துவிடுவார். செத்துப்போன சில்லை யாராலும் கையால் செய்ய முடியாது. அதனால் எண்களின் ஒவ்வொரு கோட்டையும் சோதிக்க வேண்டும். ஓர் எண் ஏழு கோடுகளால் ஆனது. 8 வந்தால் ஏழும் எரியும். மணி 8:08 ஆகும்போது அழுத்திப் பாருங்கள்: மணியிலும் நிமிடத்தின் ஒன்றாம் இடத்திலும் எல்லாக் கோடுகளும் எரிய வேண்டும். நிமிடத்தின் பத்தாம் இடத்தில் 8 ஒருபோதும் வராது. அங்கே 0 தோன்றும்போது நடுக்கோடு மட்டும் அணைந்திருக்கும். அதைப் பார்க்க 8:20 வரை காத்திருக்க வேண்டும். மணியின் முன்னால் வரும் 1-ஐப் பத்து மணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். பேட்டரி கசிந்து பச்சை படிந்திருந்தால், எல்லாக் கோடுகளும் எரிந்தாலும் விலையைக் குறைத்தே பேச வேண்டும்.

1973-இல் வந்த பி2 வேறு கதை. அதே ஆண்டில் வெளியான ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ரோஜர் மூர் அதை அணிந்து வந்ததால் தேடுபவர்கள் அதிகம். ஆனால் அது பி1-ஐவிட மிக அதிகமாகச் செய்யப்பட்டது, எஃகுக் கூட்டிலும் வந்தது. இதற்கு விற்பனைக் கணக்குகள் தாராளமாகக் கிடைக்கும். விற்பவர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, ஏலத்தில் உண்மையில் கைமாறிய தொகைகளை மட்டும் எடுத்து, சுற்றின் நிலையும் கூட்டின் நிலையும் ஒத்தவற்றோடு ஒப்பிட வேண்டும். அரிதாகவே ஏலத்துக்கு வரும் பி1-க்கு ஒரே தொகை சொல்லாமல், இதிலிருந்து இதுவரை என்று வரம்பு சொல்வதே நேர்மை.

பட்டையின் கொக்கியையும் திறந்து பார்க்க வேண்டும். பி2-இல் நேரத்தைத் திருத்துவதற்கான சிறு காந்தத் துண்டை அதற்குள்தான் வைத்திருந்தார்கள். வேறொரு காந்தத்தைக் கொண்டும் அந்த வேலையை முடித்துக்கொள்ளலாம் என்றாலும், அந்த இடம் காலியாக இருந்தால் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள்.