அவான்-கார்ட்: தூசிப்படையும் சிவப்புக் குதிரையும்

அவான்-கார்ட் பிரெஞ்சுச் சொல். அவான் என்றால் முன், கார்ட் என்றால் காவல். பெரும்படைக்கு முன்னால் போய் எதிரியை முதலில் சந்திக்கும் சிறுபடைக்கு அந்தப் பெயர். 1825-இல் பிரான்சில், சமூகத்தையே மாற்றியமைக்க நினைத்த சேன்-சீமோன் குழுவினர் கலைஞர்களுக்கு இதைப் பட்டமாகச் சூட்டினார்கள். புதிய சமூகத்துக்கு வழி திறப்பது அவர்கள் வேலையாம்.

தமிழில் இதற்கு அச்சு அசலான சொல் உண்டு: தூசி, தூசிப்படை. ‘தார்தாங்கிச் செல்வது தானை’ என்ற குறளில் வரும் ‘தார்’ என்பதற்கும் பரிமேலழகர் ‘தூசி’ என்றே பொருள் சொல்கிறார். ஆனால் இன்றைக்குத் ‘தூசி ஓவியர்’ என்று எழுதினால் துடைப்பத்தைத்தான் தேடுவார்கள்.

சொல்லுக்குள் இருக்கும் போரை அப்படியே வாழ்ந்து காட்டியவர் இத்தாலிய ஓவியர் உம்பர்த்தோ பொச்சோனி. 1882-இல் பிறந்தார், ரோமில் ஜாக்கொமோ பல்லாவிடம் ஓவியம் கற்றார். 1909-இல் கவிஞர் மரினெட்டி, வேகத்தையும் இயந்திரத்தையும் கொண்டாடும் ஃபியூச்சரிச இயக்கத்தின் அறிக்கையை வெளியிட்டு, போரை உலகைத் தூய்மைப்படுத்தும் மருந்தாகவே புகழ்ந்தார். அடுத்த ஆண்டு ஓவியர்களும் அறிக்கை விட்டார்கள். பொச்சோனியும் கையெழுத்திட்ட அதில், ஓடும் குதிரைக்குக் கால் நான்கல்ல, இருபது என்று வருகிறது.

அதே 1910-இல் ‘எழும் நகரம்’ ஓவியத்தைத் தொடங்கினார். நடுவில் ஒரு பெரிய சிவப்புக் குதிரை. கழுத்துப்பட்டை நீலச் சிறகுபோல விரிகிறது. அதை இழுத்துப் பிடிக்கும் தொழிலாளர்கள் சாய்ந்து, தீற்றல்களாகக் கரைந்து போகிறார்கள். பின்னால் சாரம் கட்டிய கட்டடங்கள்.

1915-இல் இத்தாலி முதல் உலகப் போரில் இறங்கியதும் தொண்டர் சைக்கிள் படையில் சேர்ந்தார். மறு ஆண்டு ஆகஸ்டில், வெரோனா அருகே பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். வயது 33. காற்றைக் கிழித்து நடப்பதுபோல் 1913-இல் அவர் செய்த உருவம் அவர் இருந்தவரை வெறும் பிளாஸ்டர். வெண்கலத்தில் வார்த்தது பிற்பாடு. இன்று இத்தாலியின் 20 சென்ட் யூரோ நாணயத்தில் இருப்பது அதுதான்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? ‘முன்னணி ஓவியர்’ என்றால் முன்னணி நடிகர்போல, பேரும் புகழும் உள்ளவர் என்றாகிவிடும். ‘முன்னோடி’ பரவாயில்லை, ஆனால் அதில் படை இல்லை. சண்டையே போடாதவரும் முன்னோடி ஆகலாம். நான் ‘முன்படைக் கலை’ என்று எழுதுகிறேன். அறிக்கை விட்டு, கூட்டம் சேர்த்து மோதிய பொச்சோனி வகையறாவுக்கு அது பொருந்தும். தனியே உட்கார்ந்து புதுசு செய்து பார்த்தவர்களுக்கு ‘முன்னோடி’ போதும்.