கசியும் வால்வில் ஒரு கணக்கு

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். படியேறினால் மூச்சு வாங்கும் தன் அம்மாவை எக்கோ ஸ்கானுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். கையில் பட்டி சுற்றிப் பார்த்த பிறசர் 120/80. எக்கோ ரிப்போர்ட்டிலோ சுவாசப்பை நாடியில் 52, அது கூடுதல் என்று எழுதியிருக்கிறதாம். "நெஞ்சில ஜெல் பூசி உருட்டினவை, அவ்வளவுதான். ஊசிகூடப் போடேல்லை. உள்ளுக்குள்ள இருக்கிற பிறசரை எப்படி அளந்தவை?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தேன்.

இதயத்தின் இடப்பக்கம் உடம்புக்கு இரத்தம் அனுப்புகிறது, வலப்பக்கம் சுவாசப்பைக்கு. கையில் பார்ப்பது இடப்பக்கத்தின் பிறசர். சுவாசப்பை நாடியில் சராசரி அமுக்கம் மிகக் குறைவு, சுமார் 14 மில்லிமீற்றர் இரசம். ஓய்வாக இருக்கும்போதே அந்தச் சராசரி 20ஐத் தாண்டினால் சுவாசப்பை உயர் அமுக்கம் என்கிறார்கள். முன்பு எல்லை 25. மெல்லிய சுவருள்ள வலது இதயவறை அந்தச் சுமையை இழுத்து இழுத்துப் பெருத்துக் களைத்துப்போகும். மூச்சு வாங்கல்தான் முதலில் வரும் என்பதால் தொய்வு என்று சொல்லிப் பம்ப் அடித்தே வருடங்கள் போய்விடுவதுண்டு. எங்கள் பெரியம்மாவுக்கு எக்கோ எடுத்தபோது கையில் மூன்று நூல் கட்டியிருந்தது. நூலால் கெடுதலில்லை, நூல் வேலை செய்யுமென்று காத்திருந்த எட்டு மாதந்தான் கெடுதல்.

சரி, கேள்விக்கு வருவோம். தொடர்மாடியின் உச்சியில் இருக்கும் தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் சின்னதாய் ஓர் ஓட்டை. ஏறி மூடியைத் திறக்கவே தேவையில்லை. பீறிடும் தண்ணீரின் வேகம் தெரிந்தால் உள்ளே எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று கீழே நின்றே சொல்லலாம். ஓட்டை எவ்வளவு பெரிது என்பதுகூட வேண்டாம், வேகம் போதும். 17ஆம் நூற்றாண்டில் தொரிசெல்லி இதைக் கண்டார். 1738இல் பெர்னூலி அமுக்கத்தோடு சேர்த்து விரித்தார்.

இதயத்திலும் அப்படியோர் ஓட்டை இருக்கிறது. வலது சோணையறைக்கும் (மேலறை) வலது இதயவறைக்கும் (கீழறை) நடுவிலுள்ள முக்கூர் வால்வு, இதயவறை சுருங்கும்போது இறுக மூடவேண்டும். ஆனால் சுகதேகிகள் பலருக்கே அது துளி கசியும். நோயாளிகளுக்கு இன்னும் கூட. அந்தக் கசிவின் வேகத்தை இரண்டாம் அடுக்குக்கு உயர்த்தி நாலால் பெருக்கினால், இதயவறைக்கும் சோணையறைக்கும் உள்ள அமுக்க வித்தியாசம் மில்லிமீற்றர் இரசத்தில் வந்துவிடும். நாலு எங்கிருந்து வந்தது? ஏ.எல். பௌதிகவியல் படித்தவர்கள் கடதாசி எடுங்கள். இரத்தத்தின் அடர்த்தி கனமீற்றருக்கு 1060 கிலோகிராம். அதில் பாதி 530. ஒரு மில்லிமீற்றர் இரசம் 133 பஸ்கால். 530ஐ 133ஆல் வகுத்துப் பாருங்கள். எத்தனை தடவை போட்டாலும் எனக்கு இதில் சந்தோஷம் குறைவதில்லை.

கசிவு செக்கனுக்கு 3.5 மீற்றர் என்றால் 49. சோணையறையின் அமுக்கம் 3 என்று எடுத்தால் (ஈரலுக்குப் பின்னால் வரும் பெரிய நாளம் மூக்கை உறிஞ்சும்போது பாதிக்கு மேல் சுருங்குகிறதா என்று பார்த்து ஊகிப்பது அது) மொத்தம் 52. இது சராசரி அல்ல, இதயவறை சுருங்கும் நேரத்து உச்சம். அந்நேரம் நாடிக்குப் போகும் வழி திறந்திருப்பதால் நாடியிலும் அதே அளவுதான். உங்கள் அம்மாவின் 52உம் இப்படித்தான் வந்திருக்கும்.

இனி வேகம். தெஹிவளைப் பக்கமிருந்து ஹோனடித்து வரும் ரயில், கடற்கரையில் நிற்கும் நம்மைத் தாண்டிப் பம்பலப்பிட்டிக்குப் போகும்போது அதன் குரல் சட்டென்று இறங்குமே, அதுதான் டொப்ளர் விளைவு. எக்கோ கருவி செக்கனுக்குச் சுமார் 25 இலட்சம் தடவை அதிரும் கழியொலியை அனுப்புகிறது. ஓடும் செங்குருதிக் கலங்களில் பட்டுத் திரும்பும்போது அதன் மீடிறன் மாறியிருக்கும். உடம்புக்குள் ஒலி செக்கனுக்கு 1540 மீற்றர் ஓடும் என்று வைத்து, 3.5 மீற்றர் வேகத்துக்குக் கணக்குப் போட்டால் வித்தியாசம் 11,000 ஹேர்ட்ஸ் சொச்சம். அனுப்பியதும் கேட்காது, திரும்பியதும் கேட்காது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் மனிதக் காதுக்குள் அகப்படுகிறது! ஸ்கான் அறையில் 'உஷ்... உஷ்...' என்று கேட்பது அந்தக் கழித்தலின் சத்தம்.

டொப்ளர் 1842இல் பிராக் நகரில் இதைச் சொன்னது இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தை விளக்க. அந்த விளக்கம் பிழை, விளைவு மட்டும் சரி. இன்றைக்கு நம் ஊரில் அவர் நிதி கேட்டிருந்தால் "இதால சனத்துக்கு என்ன பிரயோசனம்?" என்று கோப்பை மூடியிருப்பார்கள். இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதம்கூட இல்லை. அதற்குள்ளும் உடனடிப் பயன் கேட்டால் எப்படி?

இந்த முறைக்கும் நோவு இருக்கிறது. கசிவின் திசைக்கு நேராகக் கதிர் போகாமல் 20 பாகை சரிந்தால் வேகம் 6 சதவீதம் குறைந்து தெரியும். வர்க்கிக்கும்போது அமுக்கம் 12 சதவீதம் குறைந்துவிடும். சிலருக்கு அளக்கும் அளவுக்குக் கசிவே இராது. அதனால் வலது இதயவறை வீங்கியிருக்கிறதா, நடுச்சுவர் இடப்பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சீ.ரீ. ஸ்கானில் சுவாசப்பை நாடி பக்கத்திலுள்ள பெருநாடியைவிடத் தடித்திருந்தால் சந்தேகம் வலுக்கும். பழைய இரத்தக்கட்டிகள் அடைத்திருக்கின்றனவா என்று தேட, காற்றும் இரத்தமும் எங்கெங்கே போகின்றன என்று காட்டும் கதிரியக்க ஸ்கான் இருக்கிறது. அதைத் தவறவிடக்கூடாது, ஏனென்றால் அந்த வகையைச் சிலருக்குச் சத்திரசிகிச்சையால் மாற்றலாம்.

கடைசிச் சொல் கதீற்றருக்குத்தான். 1929இல் ஜேர்மனியில் வேர்னர் போர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர் தன் கை நாளத்தினூடே குழாயை இதயம் வரை தானே செலுத்தி, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படமும் எடுத்தார். 1956இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்று அந்தக் குழாய் சராசரி அமுக்கத்தை நேராக அளக்கும். கோளாறு இதயத்தின் இடப்பக்கத்திலா, சுவாசப்பையின் குழாய்களிலா என்றும் பிரித்துக் காட்டும். மருந்து அதைப் பொறுத்தது. வழமையான பிறசர் குளிசையைக் கூட்டிப் போட்டால் சரிவராது.

அம்மாவுக்கு அடுத்த மாதம் கதீற்றருக்குத் திகதி என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு 52 என்பது 45 ஆகலாம், 60உம் ஆகலாம். எக்கோ பார்த்தவரைத் திட்டாதீர்கள். அவர் ஓட்டையைப் பார்த்துத் தாங்கியைச் சொன்னவர், இவர்கள் மூடியைத் திறந்து பார்ப்பவர்கள்.