வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் போட்டோ, கையெழுத்து அளவு: விதி சொல்வது என்ன?

வங்கிப் பணிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் அமைப்பான ஐபிபிஎஸ் நடத்தும் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும்போது ஸ்கேன் செய்த நான்கு படங்களை ஏற்ற வேண்டும். போட்டோ 200×230 பிக்சல், 20 முதல் 50 கேபி. கையெழுத்து 140×60 பிக்சல், 10 முதல் 20 கேபி. இடது கட்டைவிரல் ரேகை 240×240 பிக்சல், 20 முதல் 50 கேபி. கைப்பட ஆங்கிலத்தில் எழுதும் உறுதிமொழி 800×400 பிக்சல், 50 முதல் 100 கேபி. ஸ்கேனரைக் குறைந்தது 200 டிபிஐயில் வைக்கச் சொல்கிறார்கள்.

பலர் குழம்புவது பிக்சல், டிபிஐ, கேபி என்ற இந்த மூன்று அளவுகளில்தான். பிக்சல் என்பது படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை. டிபிஐ என்பது தாளில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. ரேகையை 3 செ.மீ. சதுரத்துக்குள் வைத்து 200 டிபிஐயில் ஸ்கேன் செய்து பாருங்கள், ஏறக்குறைய 240 பிக்சல் தானாகவே வந்துவிடும். கேபி என்பது கோப்பின் எடை. படத்தை எவ்வளவு அழுத்திச் சேமிக்கிறோமோ அதைப் பொறுத்து மாறும். அதனால் பிக்சல் சரியாக இருந்தும் கேபி தவறலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துக்கு வந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகள், போட்டோவைச் சுருக்கி ஏற்றியதும் அசலை விட்டுவிடுகிறார்கள். தேர்வு நாளில் அழைப்புக் கடிதத்தில் போட்டோ ஒட்ட வேண்டும், அதுவும் விண்ணப்பத்தில் கொடுத்த அதே போட்டோவாக இருப்பது நல்லது. சுருக்கிய படத்தை 3.5 செ.மீ. அகலத்தில் அச்சடித்தால் ஓர் அங்குலத்துக்கு சுமார் 145 புள்ளிதான் கிடைக்கும். முகம் மங்கிவிடும். 3.5×4.5 செ.மீ. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ 300 டிபிஐயில் தெளிவாக வர 413×531 பிக்சலாவது வேண்டும். சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் பிக்சல் கூடுமே தவிர, போன விவரம் திரும்பாது.

ஆகவே ஸ்டுடியோவில் அசல் கோப்பையே கேளுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அதுவே சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அதை மின்னஞ்சலில் பத்திரப்படுத்திவிட்டு, நகல் எடுத்து நகலை மட்டும் சுருக்குங்கள்.

அப்புறம் கையெழுத்து: வெள்ளைத் தாள், கறுப்பு மை. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் போட்டால் ஏற்கமாட்டார்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் அந்த ஆண்டு அறிவிப்பில் உள்ள அளவை ஒருமுறை சரிபார்த்துவிட்டு ஏற்றுங்கள்.