இடச்சுக்கான், வலச்சுக்கான், பக்கமாற்று: சொல் விளக்கம்

மகிழுந்து ஒன்றைக் கப்பலேற்றி வேறு நாட்டுக்கு அனுப்ப முனைபவர், அந்த நாட்டில் ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இதைக் குறிக்க நாம் வழங்கும் தொடர்கள் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்', 'ரைட் ஹேண்ட் டிரைவ்' என்பவை. இவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'இடக்கை ஓட்டு', 'வலக்கை ஓட்டு' என்று எழுதுவோர் உண்டு. ஆங்கிலத் தொடரில் 'கை' என்பது பக்கத்தைக் குறிக்கிறது. தமிழிலும் 'இடக்கைப் பக்கம்' என்று சொல்வதுண்டு. ஆனால் 'பக்கம்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'இடக்கை ஓட்டு' என்றால், ஒருவர் இடக்கையால் வண்டி ஓட்டுகிறார் என்றே படிப்பவர் கொள்வார்.

இதைவிடப் பெரிய குழப்பம் 'ஓட்டு' என்பதில் இருக்கிறது. 'இட ஓட்டு' என்பதைச் சாலையின் இடப்புறமாக ஓட்டுதல் என்று பொருள்கொள்ள இடமுண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. ஓட்டுநர் சாலையின் நடுப்பகுதியை ஒட்டி அமர்ந்தால்தான், முந்திச் செல்லும்போது எதிரே வரும் வண்டி அவர் கண்ணில் படும். அதனால் இடப்புறமாகச் செல்லும் இந்தியா, இலங்கை, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஸ்டீயரிங் வலப்பக்கத்தில் இருக்கிறது. வலப்புறமாகச் செல்லும் பெரும்பாலான நாடுகளில் அது இடப்பக்கத்தில் இருக்கிறது. ஆகவே சாலைவிதிக்கு ஒரு சொல்லும் வண்டியின் அமைப்புக்கு வேறொரு சொல்லும் தேவை. இரண்டும் எப்போதும் இணைந்தே செல்வதில்லை என்பதற்குச் சுவீடன் சான்று. 1967 செப்டம்பர் 3 வரை அங்கே சாலையின் இடப்புறம் சென்றார்கள். அப்போதே பெரும்பாலான மகிழுந்துகளில் ஸ்டீயரிங்கும் இடப்பக்கத்தில்தான் இருந்தது. மியான்மர் 1970இல் வலப்புறப் போக்குக்கு மாறிய பின்னும், வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட வண்டிகள் அந்நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் நிறைந்திருந்தன.

'ஸ்டீயர்' என்னும் ஆங்கில வினை கடலிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் அது கலத்தைச் செலுத்துவதைக் குறித்தது. கலத்தின் பின்முனை நடுவில் சுக்கான் பொருத்தும் முறை வருவதற்கு முன், வட ஐரோப்பியக் கலங்களில் செலுத்து துடுப்பு வலப்பக்கத்தில் தொங்கியது. கப்பலின் வலப்பக்கத்துக்கு 'ஸ்டார்போர்டு' என்ற பெயர் அதனால்தான் வந்தது. செலுத்தும் பக்கம் என்பதே அதன் பொருள். எந்தப் பக்கத்திலிருந்து செலுத்துவது என்னும் பேச்சு, மகிழுந்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தச் சொற்குடும்பத்துக்குள் இருந்திருக்கிறது. தொடக்ககால மகிழுந்துகள் பலவற்றில் வட்டமான ஸ்டீயரிங் சக்கரம் கிடையாது. படகோட்டி பிடிப்பது போன்ற கைக்கோல் ஒன்றே இருந்தது. 1894இல் நடந்த பாரிஸ்–ரூவன் மகிழுந்துப் போட்டியில் ஆல்ஃபிரட் வாஷரோன் என்பவர் தம் பன்ஹார்டு நிறுவன வண்டியில் ஸ்டீயரிங் சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார்.

தமிழில் 'ஸ்டீயரிங்' என்பதற்குத் 'திசைமாற்றி' என்ற சொல் ஓரளவு பரவியிருக்கிறது. அது பிழையான சொல் அன்று. ஆனால் வண்டியை நேர்கோட்டில் நிறுத்தி வைப்பதும் ஸ்டீயரிங்கின் வேலைதான். திசையை மாற்றுவது அதில் பாதி. மேலும், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அதை மாற்றுவதைச் சொல்ல வரும்போது 'திசைமாற்றி மாற்றம்' என்றாகி நாவும் பொருளும் இடறுகின்றன. நான் பரிந்துரைப்பது 'சுக்கான்'. அரபு மொழியிலிருந்து கடல்வணிகத்தின் வழியே வந்து தமிழில் ஊன்றிய சொல் அது. நீருக்குள் இருக்கும் பலகைக்குத்தானே அந்தப் பெயர், கையில் பிடிக்கும் சக்கரத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். 'சுக்கான் பிடித்தல்' என்று நாம் சொல்லும்போது பலகையை எவரும் கையால் பிடிப்பதில்லை. செலுத்தும் அமைப்பு முழுவதற்கும் அந்தப் பெயர் ஏற்கெனவே விரிந்துவிட்டது. கப்பல் செலுத்துபவனுக்கு மீகாமன், நீகான் என்ற பெயர்கள் நம்மிடம் உண்டென்றாலும், அவை ஆளைக் குறிப்பவையே தவிரக் கருவியைக் குறிப்பவை அல்ல.

தேரோட்டிக்குச் சங்கத் தமிழில் 'வலவன்' என்று பெயர். 'வலவன் ஏவா வான ஊர்தி' என்னும் புறநானூற்றுத் தொடர் பலர் அறிந்தது. அதைக் கண்டு, தேரோட்டி வலப்பக்கம் அமர்ந்ததால் அப்பெயர் பெற்றான் என்று எவரேனும் கிளம்பக்கூடும். இங்கே வலவன் என்றால் வல்லவன், அந்தத் தொழிலில் திறம் உடையவன் என்று கொள்வதே பொருந்தும்.

ஆக, வண்டியின் அமைப்பைச் சொல்ல இடச்சுக்கான் வண்டி, வலச்சுக்கான் வண்டி; சாலைவிதியைச் சொல்ல இடப்புறப் போக்கு, வலப்புறப் போக்கு. பசிபிக் தீவு நாடான சமோவா 2009 செப்டம்பர் 7இல் இடப்புறப் போக்குக்கு மாறியதற்கு, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் ஆகியவற்றிலிருந்து வலச்சுக்கான் வண்டிகளை மலிவாக இறக்குமதி செய்யலாம் என்பது முதன்மையான காரணம். இந்த ஒரு வாக்கியத்தையே 'இட ஓட்டு', 'வலக்கை ஓட்டு' என்ற சொற்களைக் கொண்டு எழுதிப் பார்த்தால் குழப்பம் விளங்கும்.

வண்டிக்கேற்பச் சாலையை மாற்றிய நாடு அது. வழக்கமாகச் சாலைக்கேற்ப வண்டியைத்தான் மாற்றுவார்கள். இந்த வேலையைச் 'சுக்கான் இடமாற்றம்' என்று எழுதுவது ஆகாது. தமிழில் இடம் என்பது தலத்தையும் குறிக்கும், இடப்பக்கத்தையும் குறிக்கும். வலத்துக்கு மாற்றுவதைக்கூட 'இடமாற்றம்' என்று எழுத நேரிடும். 'சுக்கான் பக்கமாற்று' என்றால் ஐயமில்லை. வேலையின் அளவுக்கும் அந்தச் சொல் பொருந்துகிறது, ஏனெனில் மாறுவது சக்கரம் மட்டுமன்று. சுக்கான் தண்டும், அதன் கீழிருந்து முன்சக்கரங்களைத் திருப்பும் பற்சட்டமும் மறுபக்கத்துக்குச் செல்ல வேண்டும். பிரேக், கிளட்ச் மிதிகளும், பிரேக் எண்ணெயை அழுத்தும் முதன்மை உருளையும் உடன் செல்ல வேண்டும். எஞ்சின் அறைக்கும் பயணிகளுக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில் புதிய துளைகள் வேண்டும். டாஷ்போர்டு, மின்கம்பித் தொகுதி, காற்றுப்பை, வைப்பர் எல்லாம் எதிர்ப்பக்கத்துக்கு ஏற்ப அமைய வேண்டும். எஞ்சின் மட்டும் புரள்வதில்லை. அதனால் புகைபோக்குக் குழாயோ டர்போவோ இருக்கும் இடத்தில் சுக்கான் தண்டு முட்டுவதும் உண்டு. தயாரிப்பு நிறுவனம் இருவகை வண்டியையும் செய்திருந்தால் அதன் பாகங்களைக் கொண்டு இதைச் சீராக முடிக்கலாம். பழைய பற்சட்டத்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, சங்கிலியால் மறுபக்கத்துச் சுக்கான் சக்கரத்தோடு இணைக்கும் மலிவு வேலையும் ஒரு காலத்தில் நடந்ததுண்டு; சங்கிலி அறுந்தால் சுக்கானே இல்லை என்பதால் அதைப் பக்கமாற்று என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

முகப்பு விளக்கையும் இதில் சேர்க்க வேண்டும். தாழ்நிலை ஒளி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாதபடி சாலையின் ஓரப்பக்கம் மட்டும் சற்று உயர்ந்திருக்குமாறு அமைக்கப்படுகிறது. போக்கு மாறினால் அதே உயர்வு எதிரே வருபவரின் கண்ணில் விழும். சில வாரப் பயணமாகக் கடல் கடந்து தம் வண்டியிலேயே செல்பவர் சுக்கானைத் தொடுவதில்லை. விளக்கின் கண்ணாடியில் ஒரு மறைப்புப் பட்டையை ஒட்டிக்கொண்டு, இடச்சுக்கான் வண்டியிலேயே இடப்புறப் போக்கில் சென்று திரும்புகிறார்.