ஜாகுவார் இ-டைப்: வாய் பெரிதான கதை

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான ஜாகுவார் இ-டைப் ஒன்று எந்தக் காலத்தில் தயாரானது என்று அறிய ஆவணங்களைப் புரட்ட வேண்டியதில்லை. முன்னால் போய் நின்று அதன் வாயைப் பார்த்தால் போதும். 1961-இல் வெளிவந்த காரில் அது ஒரு சிறிய நீள்வட்டத் திறப்பு. குறுக்கே ஒரு குரோமியப் பட்டை, நடுவில் நிறுவனத்தின் சின்னம், அவ்வளவுதான். 1968-இன் இறுதியில் வந்த இரண்டாம் வரிசையில் அதே திறப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிதாகிவிட்டது. 1971-இல் வந்த மூன்றாம் வரிசையில் அது இன்னும் அகன்றது. குறுக்குக் கம்பிகள் கொண்ட முகப்புச் சட்டம் ஒன்று அதை மூடியது. அதுவும் போதாமல் கீழே இன்னொரு திறப்பு சேர்ந்தது.

பழைய கார் ஆர்வலர்கள் பலர் இதை அழகு கெட்டுப்போன கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வாயின் வளர்ச்சியில் காற்று, வெப்பம், அமெரிக்கச் சட்டம் ஆகிய மூன்றின் கணக்கும் பதிவாகியிருக்கிறது. ஒரு பொறியியல் வடிவம் எப்படி வேலை செய்கிறது, எங்கே வேலை செய்யாமல் போகிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் கார்கள் அதிகமில்லை.

இ-டைப்பின் வடிவத்தைத் தந்தவர் மால்கம் சேயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிஸ்டல் விமான நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இருந்த ஜாகுவாருக்கு வந்து சேர்ந்தார். தன்னை அழகு வடிவமைப்பாளர் என்று யாரும் அழைப்பதை அவர் விரும்பியதில்லை. வேலை செய்த முறையைப் பார்த்தால் காரணம் விளங்கும். மற்றவர்கள் வளைவை வரைந்து பார்த்தார்கள். சேயர் அதைக் கணக்கிட்டார். காரின் மேற்பரப்பில் உள்ள ஒரு புள்ளி முன்முனையிலிருந்து எவ்வளவு தூரம், நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு அகலம், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று மூன்று எண்கள். அப்படிப் புள்ளி புள்ளியாக உடல் முழுவதற்கும் நீள்வட்டச் சமன்பாடுகளிலிருந்து எண்களை வருவித்து, தாளில் பத்தி பத்தியாக எழுதினார். கையில் இருந்தவை மடக்கை அட்டவணையும் ஸ்லைடு ரூல் என்ற கணக்கிடும் அளவுகோலும்தான். இன்றைய வடிவமைப்பு மென்பொருள் ஒரு வளைபரப்பை நினைவில் வைத்திருப்பதும் ஏறக்குறைய இதே முறையில்தான். பிறகு காரின் உடலெங்கும் சிறு கம்பளி நூல்களை ஒட்டி, ஓட்டச் சொல்லிப் படமெடுத்தார். நூல் உடலோடு படிந்து கிடந்தால் அங்கே காற்று ஒழுங்காகப் பாய்கிறது. துள்ளித் துடித்தால் காற்று பிரிந்து சுழல்கிறது.

நீள்வட்டம் ஏன்? நகரும் காரின் மேல் பாயும் காற்று, வளைவு மெல்ல மெல்ல மாறினால் பரப்பை ஒட்டியே செல்லும். வளைவு திடீரென்று மாறினால் அந்த இடத்தில் அழுத்தமும் திடீரென்று ஏறும். அதை எதிர்த்து முன்னேறும் வலு பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றடுக்குக்கு இல்லை. அது பரப்பைவிட்டு விலகிச் சுழலும். காரின் பின்னால் குறைந்த அழுத்தப் பகுதி ஒன்று உருவாகும். அது காரைப் பின்னோக்கி இழுக்கும். நீள்வட்டத்தின் வளைவு எங்கும் முறிவதில்லை, படிப்படியாகவே மாறுகிறது.

இந்த இழுவையை வெல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 120 கிலோமீட்டர் வேகத்தை 240 ஆக்க வேண்டுமானால் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய திறன் எட்டு மடங்கு. 3.8 லிட்டர் இன்ஜினுக்கு நிறுவனம் சொன்ன திறன் 265 குதிரைத்திறன். அதை வைத்துக்கொண்டு மணிக்கு 150 மைல், அதாவது சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தைத் தொட வேண்டுமென்றால் வடிவமும் உழைத்தாக வேண்டும். (பத்திரிகைகள் சோதித்து அந்த வேகத்தை எட்டிய கார் சற்றே கூடுதல் கவனத்தோடு தயாரிக்கப்பட்டது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.)

இவ்வளவு கணக்குக்குப் பிறகும் இ-டைப்பின் இழுவைக் குணகம் (ஒரு வடிவத்தைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் எண்; குறைவாக இருந்தால் நல்லது) சுமார் 0.44. இன்று சாலையில் ஓடும் சாதாரணக் குடும்பக் கார்கள் பலவற்றின் குணகம் 0.30-ஐ ஒட்டியே இருக்கிறது. காரின் அடிப்பகுதியில் குழாய்களும் சட்டங்களும் மூடப்படாமல் இருந்தன. கம்பிச் சக்கரங்கள் காற்றைக் கலக்கின. வாய்க்குள் நுழைந்த காற்று உள்ளே தட்டுத்தடுமாறியது. ஆனால் மொத்த இழுவை என்பது குணகத்தை முகப்புப் பரப்பால் பெருக்கி வருவது. இ-டைப்பின் உயரம் சுமார் 1.22 மீட்டர், அகலம் 1.66 மீட்டர். அது காற்றைக் கிழித்த விதத்தைவிட, கிழிக்க வேண்டிய காற்றே குறைவு என்பதுதான் அதன் பலம். இன்னொரு குறையும் உண்டு. மேற்புறம் வளைந்து கீழ்ப்புறம் தட்டையாக இருக்கும் உடல், விமான இறக்கையின் குறுக்குவெட்டை ஒத்தது. வேகம் ஏற ஏற முன்பகுதி மேலே தூக்கப் பார்க்கும்.

இப்போது வாய்க்கு வருவோம். பெட்ரோல் எரிந்து வெளிப்படும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளிர்விக்கும் நீரில் வெப்பமாகச் சேர்கிறது. ரேடியேட்டர் அதைக் காற்றுக்குக் கடத்த வேண்டும். ஆனால் உள்ளே நுழையும் காற்று வேகமிழக்கிறது; அது இழக்கும் உந்தம் முழுவதும் காருக்கு இழுவையாகத் திரும்பி வருகிறது. ஆகவே பெரிய வாய் வைத்தால் குளிர்ச்சி கிடைக்கும், வேகம் போகும்.

இதைச் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது. ஓடும் காரின் மூக்கு நுனியில்தான் காற்றழுத்தம் உச்சம். சரியாக அந்த இடத்தில் ஒரு சிறு திறப்பு வைத்து, உள்ளே பாதையை அகலப்படுத்தினால், காற்று வேகம் குறைந்து அழுத்தம் கூடி, ரேடியேட்டர் வழியாக நிதானமாகக் கடக்கும். பிறகு அது வெளியேற வழி வேண்டும். இ-டைப்பின் பானெட் மேல் இருபுறமும் வரிசையாக உள்ள செதில் திறப்புகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல; சூடான காற்று அவற்றின் வழியாகத்தான் உறிஞ்சி வெளியேற்றப்படுகிறது. வேகமாக ஓடும்போது சிறிய வாயே தாராளம். இந்த ஏற்பாடு முழுவதும் கார் ஓடிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது.

மூக்கை மாற்றினால் வெப்பம் பழிவாங்கும் என்பது ஜாகுவாருக்குத் தெரியாததல்ல. 1951-இல் அவர்களுடைய பந்தயக் காரான சி-டைப் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. மறு ஆண்டு மெர்சிடீஸ் அதிக வேகத்தோடு வருகிறது என்ற அச்சத்தில், பந்தயத்துக்குச் சற்று முன்னதாக மூக்கை நீட்டித் தாழ்த்திப் புதிய உடல் பொருத்தினார்கள். தாழ்ந்த மூக்குக்குள் இடமில்லாததால் குளிர்விப்பு அமைப்பின் குழாய்களையும் தொட்டியையும் மாற்றியமைக்க வேண்டியிருந்தது. நீரோட்டம் போதவில்லை. மூன்று கார்களும் தொடக்க மணிகளிலேயே வெளியேறின. கோப்பை மெர்சிடீஸுக்குப் போனது. 1953-இல் பழைய மூக்கோடும் டன்லப்பின் புதிய டிஸ்க் பிரேக்குகளோடும் திரும்பி வந்து மீண்டும் வென்றார்கள்.

அடுத்து வந்த டி-டைப் 1955, 1956, 1957 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லே மானை வென்றது. இ-டைப்பின் எலும்பமைப்பு அதிலிருந்தே வந்தது. பழைய கார்களில் அடியில் சேஸிஸ் என்ற ஒரு கனத்த அடிச்சட்டம், அதன்மேல் உடல். டி-டைப்பில் சேயரும் தலைமைப் பொறியாளர் வில்லியம் ஹெய்ன்ஸின் குழுவும் விமானத்தின் வழியைக் கையாண்டார்கள்: நடுப்பகுதி தகட்டால் ஆன கூடு, வளைவையும் முறுக்கத்தையும் அந்தத் தகடே தாங்கும். இ-டைப்பில் அதே கூட்டை எஃகுத் தகட்டில் செய்தார்கள். கூரையில்லாத கார் மூடியில்லாத அட்டைப்பெட்டியைப் போல எளிதில் முறுகும். அதை ஈடுகட்ட, கதவுக்குக் கீழே இருபுறமும் அகலமான பெட்டிக் குழல்களும் நடுவே கியர்பெட்டிக்கான சுரங்கமும் சுமையை ஏற்றன. கூட்டின் முன்சுவரில் சதுரக் குழாய்களால் ஆன ஒரு சட்டகம் போல்ட்டுகளால் இணைந்திருக்கும். இன்ஜின், முன் சக்கரங்கள், ரேடியேட்டர் எல்லாம் அதில்தான். மோதலில் முன்புறம் நசுங்கினால் சட்டகத்தைக் கழற்றி வேறொன்று மாட்டலாம். பானெட்டும் முன்பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டு. காரின் நீளத்தில் ஏறக்குறையப் பாதி இருக்கும் அது மூக்கை அச்சாகக் கொண்டு முன்னோக்கித் திறக்கும். திறந்தால் இயந்திரம் முழுவதும் நம் முன்னால்.

பானெட் நடுவில் உள்ள நீண்ட புடைப்புக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. இந்தக் காரில் இருந்தது 1948-இல் அறிமுகமான ஜாகுவாரின் எக்ஸ்கே இன்ஜின். அதில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 106 மில்லிமீட்டர். சிலிண்டர் தலையின் மேல் வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம்ஷாஃப்டுகள். மிக உயரமான இன்ஜின். டி-டைப்பில் எண்ணெய்த் தொட்டியைத் தனியே வைத்து இன்ஜினைத் தாழ்த்தி, சற்றுச் சாய்த்தும் பொருத்தினார்கள். சாலைக்கான இ-டைப்பில் அந்தச் செலவைச் செய்யவில்லை. பானெட் புடைத்துக்கொண்டது.

என்னைக் கேட்டால் இந்தக் காரின் உண்மையான சாதனை வெளியே தெரியாத ஒன்று: பின் சஸ்பென்ஷன், அதாவது பின் சக்கரங்களை உடலோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் அமைப்பு. அதற்கு முந்தைய ஜாகுவார் காரான எக்ஸ்கே 150-இல் பின்னால் ஒரே உறுதியான அச்சு. நடுவே, இன்ஜினின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பகிர்ந்து தரும் கனமான டிஃபரன்ஷியல். ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் அத்தனை எடையும் சேர்ந்து குதிக்கும், மறுபக்கச் சக்கரமும் சாயும். எடை அதிகமான பொருளைச் சாலையின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப வேகமாக மேலும் கீழும் அசைக்க ஸ்பிரிங்கால் முடியாது. டயர் ஒரு கணம் தரையைவிட்டு எழும்பிவிடும்.

இ-டைப்பில் டிஃபரன்ஷியலை உடலோடு சேர்த்துவிட்டார்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே ஒரு இணைப்புத்தண்டு. மேலே? சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ்ஷாஃப்டே மேல் இணைப்புத்தண்டாகவும் வேலை செய்கிறது. வழக்கமாக நீண்டு சுருங்கும்படி செய்யப்படும் அந்தத் தண்டை மாறாத நீளத்தில் வைத்து, வளைவில் திரும்பும்போது வரும் பக்கவாட்டு விசையையும் தாங்க வைத்தார்கள். ஒரு உறுப்புக்கு இரண்டு வேலை. ஒவ்வொரு பக்கமும் இரண்டு சுருள் ஸ்பிரிங்குகள். பிரேக் டிஸ்க்குகளைச் சக்கரத்திலிருந்து எடுத்து டிஃபரன்ஷியலின் இருபுறமும் ஒட்டி வைத்ததால் சக்கரத்தோடு குதிக்கும் எடை மேலும் குறைந்தது. எல்லாவற்றையும் ஒரு எஃகுக் கூண்டில் அடக்கி, ரப்பர் தாங்கிகள் வழியாக உடலில் தொங்கவிட்டார்கள். அதனால் பல்சக்கர இரைச்சல் உள்ளே வரவில்லை. பந்தயக் காரின் பிடிப்பும் பெரிய செடானின் சொகுசும் ஒரே வண்டியில் கிடைத்தன. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமானபோது இங்கிலாந்தில் வரியோடு அதன் விலை 2,097 பவுண்டு. அந்த விலைக்கு இப்படியொன்று அதுவரை கிடைத்ததில்லை.

குறை இங்கும் வெப்பம்தான். உடலுக்கடியில் மறைவாக இருக்கும் பிரேக்குகளுக்குக் காற்று சரியாகக் கிடைக்காது. கடுமையாக ஓட்டினால் சூடு டிஃபரன்ஷியலுக்குப் பரவி, எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் சீல்கள் கெடும்.

விற்பனையில் பெரும்பங்கு அமெரிக்காவில். கோடைகால நகர நெரிசலில் நிற்கும் காருக்கு மூக்கு நுனியின் காற்றழுத்தம் எதுவும் உதவாது; சிறிய வாய்க்குப் பின்னால் ஒற்றை மின்விசிறி திணறியது. 1964-இல் இன்ஜின் 4.2 லிட்டர் ஆனது. அதன்பின் குளிர்சாதன வசதி கேட்டார்கள். அதன் வெப்பமாற்றி ரேடியேட்டருக்கு முன்னால் நின்று காற்றை மறித்ததோடு, தன் சூட்டையும் அதற்குள் தள்ளியது. இரண்டாம் வரிசையில் வாய் பெரிதாகி, மின்விசிறிகள் இரண்டானது இதனால்தான். அந்த முடிவு சரி. அந்தக் கார் இப்போது ஓடாமல் நிற்கவும் வேண்டியிருந்தது.

சட்டம் கொண்டுவந்த மாற்றங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. ஹெட்லைட்டின் மேல் சரிந்து கிடந்த கண்ணாடி மூடிகளை அமெரிக்க விதிகள் அனுமதிக்காததால் 1967-இல் அவை போயின. மூக்கின் தொடர்ச்சியான வளைவு அங்கே முறிந்தது. வெளிச்சம் மேம்பட்டது என்பதும் உண்மை. பின்விளக்குகள் பெரிதாகி பம்பருக்குக் கீழே இறங்கின. புகைக் கட்டுப்பாட்டுக்காக அமெரிக்கக் கார்களில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் மூன்று கார்புரேட்டர்கள் இரண்டாகி, திறன் வெகுவாகக் குறைந்தது.

இழந்ததை மீட்க 1971-இல் 5.3 லிட்டர் வி12 இன்ஜின் வந்தது. அலுமினியத்தில் வார்த்ததால் பன்னிரண்டு சிலிண்டர்கள் இருந்தும் பழைய இன்ஜினைவிடச் சற்றே கூடுதல் எடை. பிஸ்டன் ஓட்டம் வெறும் 70 மில்லிமீட்டர். மிக மென்மையான இயந்திரம். ஆனால் அதிகப் பெட்ரோல் எரிந்தால் அதிக வெப்பம். வாய் மறுபடியும் அகன்றது. பின் இருக்கைகளுக்காக 1966-இல் 23 சென்டிமீட்டர் நீட்டிய அடித்தளமே இப்போது எல்லாக் கார்களுக்கும் ஆனது. சக்கர இடைவெளி அகன்று, மட்கார்டுகள் விரிந்தன. சேயர் 1970-இலேயே இறந்துவிட்டார்.

மொத்தம் சுமார் 72,500 கார்கள் தயாரான பிறகு 1974-இல் உற்பத்தி நின்றது. எக்ஸ்கே இன்ஜின் ஜாகுவாரின் பெரிய கார்களில் 1992 வரை உழைத்தது. பின் சஸ்பென்ஷன் அதையும் தாண்டி, எக்ஸ்ஜேஎஸ் காரில் 1996 வரை இருந்தது. அதன் கடைசி ஆண்டுகளில்தான் பிரேக் டிஸ்க்குகளை டிஃபரன்ஷியலின் பக்கத்திலிருந்து எடுத்து, காற்று படும்படி சக்கரத்துக்கு மாற்றினார்கள்.