நிணநீர்: தெளிந்த நீரா, கொழுப்பு நீரா?

உடலில் ஓடும் நிணநீர் என்ற பாய்மத்துக்கு இலத்தீன் மொழி 'தெளிந்த நீர்' என்று பெயர் வைத்தது. தமிழ் 'கொழுப்பு நீர்' என்று வைத்தது. கேட்டதும் இரண்டில் ஒன்று தவறாக இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டுமே சரி. எப்படிச் சரி என்பதை நாய், எலி முதலிய விலங்குகளின் மார்பு நிணநீர் நாளத்தில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

முதலில் வேர்களைப் பார்த்துவிடலாம். 'லிம்ஃப்' என்ற ஆங்கிலச் சொல் இலத்தீனின் 'லிம்ஃபா'விலிருந்து வந்தது. தெளிந்த நீர், ஊற்றுநீர் என்று பொருள். இதன் பழைய வடிவம் 'லும்பா'. நீர்நிலைகளில் உறையும் பெண் தெய்வங்களைக் குறிக்கும் 'நிம்ஃபே' என்ற கிரேக்கச் சொல்லின் சாயல் பின்னாளில் அதன் எழுத்தில் ஏறிக்கொண்டது. உடற்கூற்றியலில் இச்சொல்லை நிலைநிறுத்தியவர் டென்மார்க்கின் தாமஸ் பார்த்தொலின். 1653இல் அவர் அந்தக் குழல்களுக்கு 'தெளிநீர்க் குழல்கள்' என்ற பொருளில் பெயரிட்டார். அதே காலத்தில் சுவீடனின் ஓலோஃப் ருட்பெக் அவற்றைத் தனியாகக் கண்டறிந்து வேறு பெயரிட்டிருந்தார். யார் முந்தியவர் என்ற சண்டை நெடுநாள் நடந்தது. நிலைத்தது பார்த்தொலின் வைத்த பெயர்தான்.

தமிழில் நிணம் என்றால் கொழுப்பு, கொழுப்பு மிக்க ஊன். சங்கப் பாடல்களில் விருந்தைச் சொல்லும் இடங்களிலும் போர்க்களத்தைச் சொல்லும் இடங்களிலும் இச்சொல் வரும். அத்துடன் நீர் சேர்ந்து நிணநீர் ஆனது. இன்று தமிழகத்திலும் இலங்கையிலும் பாடநூல்கள் ஆளும் சொல் இதுதான்.

நிணநீர் என்பது என்ன? இரத்தத்தின் நுண்குழாய்களிலிருந்து நீரும் சிறிது புரதமும் திசுக்களின் இடைவெளிக்குக் கசிகின்றன. இரத்தத்துக்கு நேரே திரும்பாத பங்கை மெல்லிய குழல்கள் வாங்கிக்கொள்கின்றன. அவற்றுக்குள் புகுந்த பிறகே அதற்கு நிணநீர் என்று பெயர். அதற்கு முன் அது திசுநீர்தான். வழியில் உள்ள நிணநீர்க்கணுக்களில் வடிகட்டப்பட்டுப் பெருங்குழல்களைச் சேர்கிறது. கழுத்திலோ தொடை இடுக்கிலோ புண்ணை ஒட்டி 'நெறி கட்டியிருக்கிறது' என்கிறோமே, வீங்கியிருப்பது இந்தக் கணுதான். பெருங்குழல்களில் மிகப் பெரியது மார்பு நிணநீர் நாளம். மனிதரில் ஏறத்தாழ 38 முதல் 45 செ.மீ. நீளம், அகலமோ சில மில்லிமீட்டர்தான். வயிற்றின் பின்சுவரில் தொடங்கி, முதுகெலும்பை ஒட்டி மேலேறி, இடது கழுத்தடியில் இரண்டு சிரைகள் கூடும் இடத்தில் திறக்கிறது. வலது கை, தலையின் வலப்பக்கம், மார்பின் வலப்பக்கம் தவிர உடலின் நிணநீர் முழுவதும் இதன் வழியாகவே இரத்தத்துக்குத் திரும்புகிறது. ஒரு நாளைக்கு 1 முதல் 4 லிட்டர் வரை.

இந்த நாளத்தைக் கண்டுபிடித்த கதை முழுக்க விலங்குகளின் கதை. கிரேக்க மருத்துவர் எராசிஸ்ட்ரேட்டஸ், பால் குடித்த வெள்ளாட்டுக் குட்டிகளின் குடலருகே பால் நிறைந்த குழல்களைக் கண்டதாகப் பின்னாளில் வந்த மருத்துவர் கேலன் எழுதிவைத்திருக்கிறார். 1564இல் வெளிவந்த நூலில் இத்தாலியின் யுஸ்டாக்கி, குதிரையின் மார்பில் ஓடும் ஒரு 'வெள்ளைச் சிரை'யை விவரித்தார். அது எங்கிருந்து எதைச் சுமக்கிறது என்பது அவருக்குப் புலப்படவில்லை.

1622 ஜூலை 23 அன்று இத்தாலியில் காஸ்பரே அசெல்லி, நண்பர்கள் கேட்டுக்கொண்டதால் குரல் நரம்பைக் காட்டுவதற்காக உயிருள்ள நாய் ஒன்றை அறுத்தார். பிறகு உதரவிதானத்தின் அசைவைக் காட்ட வயிற்றைத் திறந்து குடலை ஒதுக்கினார். குடலைத் தாங்கும் சவ்வான குடல் தாங்கியின் மேல் மெல்லிய வெள்ளை இழைகள் படர்ந்திருந்தன. நரம்பு என்றுதான் முதலில் நினைத்தார். ஒன்றைக் கத்தி முனையால் கீறியதும் பால் போன்ற நீர் பீறிட்டது. சற்று நேரத்தில் நாய் இறந்தது, இழைகளும் மறைந்தன. அடுத்து இன்னொரு நாயை அறுத்தார், ஒன்றும் தெரியவில்லை. முதல் நாய் வயிறாரத் தின்றிருந்தது, இரண்டாவது தின்னவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நன்றாகத் தீனியிட்ட நாயை அறுத்தபோது வெள்ளை இழைகள் மீண்டும் தெரிந்தன. அவற்றுக்குப் 'பால் சிரைகள்' என்று பெயரிட்டார். அவருடைய நூல் அவர் இறந்த பிறகு, 1627இல் வெளிவந்தது.

மயக்கமருந்து மருத்துவத்துக்கு வர இன்னும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இருந்தது. அந்த நாய்கள் வலியை முழுக்க உணர்ந்துகொண்டே இறந்தன. இந்த வரலாற்றை எழுதுபவர் அதைச் சொல்லாமல் நகரக் கூடாது என்று கருதுகிறேன். விலங்காய்வில் மாற்று வழி தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் ஆகிய மூன்று நெறிகளை ஆய்வாளர்கள் ரஸ்ஸலும் பர்ச்சும் முன்வைத்தது 1959இல்தான்.

பால் சிரைகள் கல்லீரலுக்குப் போகின்றன என்று அசெல்லி நம்பினார். கல்லீரலே இரத்தத்தை ஆக்குகிறது என்ற பழைய கொள்கை அவரை அப்படி நினைக்கவைத்தது. அதைத் தகர்த்தவர் பிரான்சின் ழான் பெக்கே. நாயின் இதயத்தை அகற்றியபின் பெருஞ்சிரையிலிருந்து வெண்ணிற நீர் வருவதைக் கண்டு, முதலில் சீழோ என்று ஐயுற்றார். அது வரும் வழியைத் தேடிச் சென்று, கழுத்தடியில் திறக்கும் நாளத்தையும் அதன் அடியிலுள்ள தேக்கப் பையையும் கண்டறிந்து 1651இல் வெளியிட்டார். உணவின் சாரம் கல்லீரலை ஒதுக்கிவிட்டு நேரே இரத்தத்தில் சேரும் பாதை அன்று வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே பார்த்தொலின் மனித உடலிலும் அந்த நாளத்தைக் காட்டினார்.

மார்பு நாளத்தின் நீரை நாள்கணக்கில் சேகரிப்பது எளிதானது 20ஆம் நூற்றாண்டில். 1948இல் பால்மனும் உடன் ஆய்வாளர்களும் எலியில் அதற்கான முறையை வகுத்தார்கள். அறுவைக்கு முன் எலிக்கு எண்ணெயோ பாலேடோ புகட்டுவது வழக்கம். இல்லையென்றால் நாளம் கண்ணுக்கே தெரியாது. அவ்வளவு மெல்லிய சுவர், உள்ளே நிறமற்ற நீர். கொழுப்பு ஏறியதும் பெருந்தமனியை ஒட்டி வெள்ளைக் கோடாகத் தெரியும். எலி மயக்கத்தில் இருக்கும்போது உதரவிதானத்துக்குக் கீழே அதைப் பிரித்தெடுத்து, சிறு துளையிட்டு, நுண்ணிய பிளாஸ்டிக் குழலைச் செருகி நூலால் கட்டுவார்கள். அந்தக் குழலுக்குக் கானுலா என்று பெயர். இலத்தீனில் சிறு நாணல் என்று பொருள். நிணநீரும் உறையக்கூடியது என்பதால் குழல் அடைத்துக்கொள்ளாமலிருக்க ஹெப்பரின் சேர்ப்பார்கள். இழக்கும் நீரையும் உப்பையும் எலிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அசைவைக் கட்டுப்படுத்தும் ஒரு கூண்டில் விழிப்புடன் எலி இருக்க, சொட்டுச் சொட்டாக நிணநீர் சேரும்.

அந்தச் சொட்டுகளில் இருப்பது என்ன? பட்டினி கிடந்த விலங்கின் நீர் ஏறத்தாழத் தெளிவாக, வெளிர் மஞ்சளாக இருக்கும். கொழுப்புள்ள உணவு கொடுத்துச் சில மணி நேரத்துக்குள் பால் நிறமாகிவிடும். அதை ஒரு குப்பியில் அசையாமல் வைத்தால் மேலே ஏடு படியும். ஈதர் சேர்த்து அசைத்தால் கொழுப்பு பிரிந்து நீர் தெளியும். அந்த வெண்மைக்குக் காரணம், குடற்சுவரில் உருவாகும் கைலோமைக்ரான் என்ற கொழுப்புத் துகள்கள். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் மார்பு நாள நீரில் 1 முதல் 2 சதவீதம் வரை கொழுப்பு இருக்கலாம். புரதத்தின் அளவு நீர் வந்த இடத்தைப் பொறுத்தது. பொதுவாகத் திசுக்களிலிருந்து வருவதில் 100 மி.லி.க்கு 2 கிராம் அளவு. கல்லீரலிலிருந்து வருவதில் 6 கிராம் வரை. எல்லாம் கலக்கும் மார்பு நாளத்தில் 3 முதல் 5 கிராம்.

ஆக, பெயர்ப் புதிர் அவிழ்கிறது. கை கால்களின் நிணநீரையும் பட்டினி கிடந்த விலங்கின் நிணநீரையும் பார்த்தால் இலத்தீன் பெயர் பொருந்தும். உண்ட விலங்கின் மார்பு நாளத்தைப் பார்த்தால் தமிழ்ப் பெயர் பொருந்தும். நான் தமிழ்ப் பெயரின் பக்கம். இந்த நீருக்கே உரிய வேலையை, அதாவது கொழுப்பைக் குடலிலிருந்து இரத்தத்துக்குச் சுமப்பதை, அது நெற்றியில் எழுதி வைத்திருக்கிறது.

கொழுப்போடு செல்களும் வருகின்றன. பெரும்பாலும் லிம்போசைட்டுகள் என்ற ஒருவகை வெள்ளணுக்கள், இலங்கை வழக்கில் நிணநீர்க்குழியங்கள். எலியின் மார்பு நாளம் ஒரே நாளில் இரத்தத்தில் கொட்டும் இச்செல்கள், இரத்தத்திலுள்ளவை அனைத்தையும் பலமுறை மாற்றீடு செய்யப் போதும். அப்படியானால் அவை எங்கே போகின்றன? ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் எலிகளின் நாளத்தை நாள்கணக்கில் வடித்தார்; செல்களின் வரத்து சரிந்தது. உயிருள்ள செல்களைத் திருப்பிச் செலுத்தியதும் வரத்து குறையாமல் நின்றது. கதிரியக்க அடையாளமிட்ட செல்களைக் கொண்டு, அவை இரத்தத்திலிருந்து கணுக்களுக்கும் அங்கிருந்து நிணநீருக்கும் மீண்டும் மீண்டும் சுற்றுகின்றன என்று 1959இலும் 1964இலும் வெளியிட்ட ஆய்வுகளில் காட்டினார். பன்றியில் கதை வேறு: அதன் கணுக்களிலிருந்து இச்செல்கள் பெரும்பாலும் நேரே இரத்தத்துக்குப் போய்விடுவதால் நிணநீரில் குறைவாகவே இருக்கும். எந்த விலங்கில் பார்த்தது என்று சொல்லாமல் நிணநீரின் கூறுகளைப் பட்டியலிடுவது சரியல்ல.

இனி, தமிழில் எப்படி எழுதலாம். 'லிம்ஃப்' எல்லா இடத்திலும் நிணநீர். அதைக் குருதிநீர் என்றோ ஊனீர் என்றோ எழுதினால் இரத்தத்தின் நீர்ப்பகுதியோடு குழம்பும். குடலிலிருந்து வரும் வெண்ணிற நிணநீரை ஆங்கிலம் 'கைல்' என்கிறது. 'சாறு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். தமிழில் குடற்பால் என்பதே தெளிவு. சித்த மருத்துவத்தின் ஏழு உடற்கட்டுகளில் முதலாவதான 'சாரம்' என்பதைச் சிலர் இதற்கு நிகராக ஆள்வதுண்டு. அது பொருளில் மிக அகன்ற கருத்து. ஆய்வகத்தில் குப்பியில் பிடிக்கும் நீருக்கு அதைப் பெயராக்கினால் இரண்டுக்கும் கேடு. பெக்கே கண்ட பையைக் குடற்பால் தேக்கம் எனலாம்.

'தொராசிக் டக்ட்' என்பதற்கு மார்பு நிணநீர் நாளம். தோராக்ஸ் கிரேக்கத்தில் மார்புக் கவசம். 'மார்பக நாளம்' என்று எழுதவே கூடாது. அது முலைப்பால் குழல் என்று பொருள்பட்டுவிடும். நாளம் என்றால் உட்டுளையுள்ள தண்டு. இரத்த நாளம் என்பதிலும், நாளமில்லாச் சுரப்பி என்பதிலும் அதே சொல் வருகிறது. முன்னது குருதிக்குழல், பின்னது சுரப்பியின் வடிகுழாய்; ஆங்கிலத்தில் இவை வெவ்வேறு. மார்பு நாளம் எந்தச் சுரப்பிக்கும் வடிகுழாய் அல்ல, அது ஒரு குழல்தான் என்பதால் தமிழின் இந்தப் பொதுச்சொல் இங்கே தடையின்றிப் பொருந்துகிறது.

நாளம் காயப்பட்டு நுரையீரலைச் சுற்றிக் குடற்பால் தேங்கும் நோய்க்கு 'கைலோதொராக்ஸ்' என்று பெயர். மார்புக்கூட்டுக் குடற்பால் தேக்கம் என்று எழுதினால் நோயாளியின் வீட்டாருக்கும் புரியும். நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்கள் மார்பு நாளத்தின் வழியே செல்கின்றன, நடுத்தர, குட்டைச் சங்கிலியுடையவை பெரும்பாலும் கல்லீரல் வாயிற்சிரை வழியே போய்விடுகின்றன என்று 1951இல் எலிகளில் காட்டப்பட்டது. அதனால்தான் இந்நோயாளிகளுக்கு நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு மட்டும் உள்ள உணவைத் தருகிறார்கள்: நாளத்தில் ஓட்டம் குறைந்து காயம் ஆற இடம் கிடைக்கும். ஆறாதபோது தோல் வழியே நாளத்துக்குள் குழல் செலுத்தி அடைக்கும் முறையை மருத்துவர் கான்ஸ்டன்டின் கோப் முதலில் பன்றிகளில் முயன்று பார்த்தார். நோயாளிகளில் செய்ததை 1998இல் வெளியிட்டார். உணவுக்குழாய் அறுவைக்கு முன் சில மருத்துவர்கள் நோயாளிக்குப் பாலேடு கொடுப்பதுண்டு. எலிக்குக் கொடுத்த அதே காரணம்தான்: நாளம் வெளுத்துத் தெரிந்தால் கத்தி அதில் படாமல் தப்பும்.